நொய்யல் ஆற்றுப்படுகையில் நகர வளர்ச்சியும் மாசடைதலும்

நொய்யல் ஆற்றுப்படுகை மாசடைதல் என்பது, தமிழ்நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ள கோயம்புத்தூர், திருப்பூர் ஆகிய நகரங்கள் விரைந்து வளர்ந்ததன் விளைவாக, நொய்யல் ஆறும் அதனைச் சார்ந்த குளங்கள், நிலத்தடி நீர், வேளாண் நிலங்கள் ஆகியனவும் தொழிற்சாலைக் கழிவுகளாலும் வீட்டுக் கழிவுகளாலும் சீர்கெட்டதைக் குறிக்கும். நகரங்கள் வளரும்போது மாசு எவ்வாறு தோன்றுகின்றது, எங்கே சென்று சேர்கின்றது, அதன் இழப்பை யார் ஏற்கின்றனர் என்பனவற்றை விளக்குவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாக விளங்குகின்றது. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கோயம்புத்தூரில் வீட்டுக் கழிவுநீரும், நடுப்பகுதியில் உள்ள திருப்பூரில் சாயக் கழிவுநீரும் ஆற்றில் முதன்மையாகக் கலந்தன. இவ்விரண்டின் விளைவையும் கீழ்ப்பகுதியில் உள்ள ஈரோடு, கரூர் மாவட்ட உழவர்கள் எதிர்கொண்டனர்.

நகர வளர்ச்சிக்கும் மாசடைதலுக்கும் உள்ள தொடர்பு

ஓர் ஊர் நகரமாக வளரும்போது அதன் கழிவின் அளவு மட்டுமன்றி, கழிவின் தன்மையும் அடர்த்தியும் மாறுகின்றன. சிற்றூர் ஒன்றில் வீட்டுக் கழிவுநீர் தோட்டத்திற்கும், சாணமும் குப்பையும் வயலுக்கும் சென்றுவிடுகின்றன. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்துவிடும். அதே கழிவு சில சதுர கிலோமீட்டர் பரப்பில் பல இலட்சம் மக்களிடமிருந்து ஒரே நேரத்தில் வெளியேறும்போது, மண்ணும் நீரும் தம்மைத் தாமே தூய்மைப்படுத்திக்கொள்ளும் எல்லையைத் தாண்டிவிடுகின்றது.

நகர வளர்ச்சி மாசினைப் பின்வரும் வழிகளில் பாதிக்கின்றது:

* மக்கள்தொகை கூடுவதாலும், குழாய்வழி நீர் கிடைப்பதால் ஒருவர் பயன்படுத்தும் நீரின் அளவு கூடுவதாலும் கழிவுநீர் பெருகுகின்றது.
* ஒரே வகைத் தொழில்கள் ஓரிடத்தில் குவிவதால், ஒரே வகை நச்சுப்பொருள் ஒரே ஓடையில் சேர்கின்றது.
* குளங்களும் வாய்க்கால்களும் கட்டடங்களாக மாறுவதால், மாசினை நீர்த்துப்போகச் செய்யும் நன்னீரின் அளவு குறைகின்றது.
* நகரின் எல்லை, குழாய்களும் சாக்கடைகளும் அமைக்கப்படும் வேகத்தைவிட விரைவாக விரிவடைகின்றது.

நகர வளர்ச்சி எல்லா வகை மாசினையும் கூட்டுவதில்லை. நகர வீடுகளில் விறகு அடுப்பிற்குப் பதிலாக எரிவளி அடுப்பு பயன்படுத்தப்படுவதால், சமையலறைப் புகை பெருமளவு குறைகின்றது. மக்கள் நெருங்கி வாழ்வதால், ஒரு வீட்டிற்கான சாக்கடைக் குழாயின் நீளமும் செலவும் சிற்றூரைவிடக் குறைவாக இருக்கும். சிதறிக் கிடக்கும் பட்டறைகளைவிட ஒரே வளாகத்தில் உள்ள பட்டறைகளின் கழிவைத் தூய்மைப்படுத்துவதும் எளிது. எனவே நகரம் பெரிதாக இருப்பதைவிட, அதன் வளர்ச்சிக்கு ஏற்பக் கழிவு அகற்றும் கட்டமைப்பு வளர்ந்ததா என்பதே மாசின் அளவைப் பெரிதும் முடிவு செய்கின்றது.

நொய்யல் ஆறு

நொய்யல் ஆறு மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக ஏறத்தாழ 180 கிமீ ஓடி, கரூர் மாவட்டத்தில் உள்ள நொய்யல் என்னும் ஊருக்கு அருகே காவிரியுடன் கலக்கின்றது. இதன் படுகை ஏறத்தாழ 3,500 சதுர கிமீ பரப்பளவு கொண்டது. இவ்வாறு காஞ்சிமாநதி எனவும் அழைக்கப்படுகின்றது. பேரூர் பட்டீசுவரர் கோயில் இதன் கரையில் அமைந்துள்ளது.

இப்படுகை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளதால், சமவெளியில் மழை குறைவு. எனவே ஆற்றில் வரும் வெள்ளத்தைத் தடுப்பணைகள் மூலம் திருப்பி, ஒன்றன்பின் ஒன்றாகக் குளங்களில் தேக்கும் முறை பழங்காலத்திலேயே இங்கு உருவாக்கப்பட்டது. கோயம்புத்தூரின் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம், குறிச்சிக் குளம் ஆகியன இம்முறையில் அடங்கும். ஒரு குளம் நிரம்பி அடுத்த குளத்திற்கு நீர் செல்லுமாறு அமைக்கப்பட்டுள்ள இச்சங்கிலி, பின்னாளில் ஒரு குளத்தில் சேர்ந்த கழிவு மற்றக் குளங்களுக்கும் பரவுவதற்கான வழியாகவும் அமைந்துவிட்டது.

நொய்யல் ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு அன்று. பருவமழைக் காலங்களில் மட்டும் வெள்ளம் வரும். பிற மாதங்களில் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் நகரங்களின் கழிவுநீரே ஆகும்.

நகரங்களின் வளர்ச்சி

கோயம்புத்தூர்

கோயம்புத்தூர் 1866 ஆம் ஆண்டில் நகராட்சியாகவும், 1981 ஆம் ஆண்டில் மாநகராட்சியாகவும் ஆனது. 1888 ஆம் ஆண்டில் இங்கு முதல் நூற்பாலை தொடங்கப்பட்டது. 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கிடைத்தபின் நூற்பாலைகள் பெருகின. அவற்றிற்கான இயந்திர உதிரிப் பாகங்கள், நீரேற்று இயந்திரங்கள், மின்னோடிகள் ஆகியவற்றைச் செய்யும் பட்டறைகளும் வார்ப்பட ஆலைகளும் தொடர்ந்து தோன்றின. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கோயம்புத்தூர் நகரத் தொகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 21 இலட்சம் ஆகும். அதே ஆண்டில் அருகிலிருந்த உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டதால், மாநகராட்சியின் பரப்பளவு ஏறத்தாழ 105 சதுர கிமீ என்பதிலிருந்து இரு மடங்கிற்கும் மேலானது.

திருப்பூர்

திருப்பூர் முதலில் பருத்திச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊராக இருந்தது. பின்னர் உள்நாட்டுச் சந்தைக்கான பனியன் தயாரிப்பு வளர்ந்தது. 1970களின் இறுதியில் தொடங்கிய பின்னலாடை ஏற்றுமதி, 1980களின் நடுப்பகுதியிலிருந்து விரைந்து பெருகியது. இந்நகரின் மக்கள்தொகை 1991 இல் ஏறத்தாழ 2.35 இலட்சமாகவும், 2001 இல் ஏறத்தாழ 3.44 இலட்சமாகவும், 2011 இல் ஏறத்தாழ 4.44 இலட்சமாகவும் இருந்தது. சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுதியின் மக்கள்தொகை 2011 இல் ஏறத்தாழ 9.6 இலட்சம் ஆகும். 2008 இல் திருப்பூர் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. 2009 இல் திருப்பூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது.

உள்நாட்டுச் சந்தைக்கான பனியன்களில் பெரும்பாலானவை வெள்ளை நிறத்தவை. அவற்றிற்குச் சலவை மட்டுமே தேவைப்பட்டது. ஏற்றுமதிக்கான ஆடைகளுக்குப் பல நிறங்கள் தேவைப்பட்டதால் சாயப்பட்டறைகள் பெருகின. 1980களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவாக இருந்த சாய, சலவைப் பட்டறைகளின் எண்ணிக்கை, 1990களின் நடுப்பகுதிக்குப் பின் எண்ணூறைத் தாண்டியது. பின்னலாடைத் தொழில் ஒரே பெரிய ஆலையாக அன்றி, பின்னுதல், சலவை, சாயமிடல், அச்சிடல், வெட்டுதல், தையல் எனச் சிறு சிறு பட்டறைகளாகப் பிரிந்து வளர்ந்தது. ஒவ்வொரு பட்டறையும் சிறியது என்பதால், தனியாகக் கழிவுநீர்த் தூய்மிப்பு நிலையம் அமைக்கும் முதலீடு பெரும்பாலானவற்றிடம் இருக்கவில்லை.

தொழிற்சாலை மாசு

சாயக் கழிவுநீர்

பருத்தித் துணிக்குப் பெரும்பாலும் வினைபுரி சாயங்கள் பயன்படுத்தப்படுகின்றன. நீரில் பருத்தி இழையும் சாய மூலக்கூறும் எதிர்மின்தன்மை பெறுவதால், அவை ஒன்றையொன்று விலக்கும். இவ்விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை இழையில் ஏறச் செய்வதற்குச் சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட்டு பெருமளவில் சேர்க்கப்படுகின்றது. அடர்நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயக் கரைசலில் 50 முதல் 100 கிராம் வரை உப்பு தேவைப்படுவதுண்டு. இவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீருடன் வெளியேறுகின்றது. சாயத்திலும் ஒரு பகுதி துணியில் ஒட்டாமல் வெளியேறிவிடுகின்றது.

கழிவுநீரின் நிறமே மக்களின் கண்ணில் முதலில் பட்டது. ஆயினும் நீண்டகாலக் கேட்டினை விளைவித்தது நிறமற்ற உப்பே ஆகும். தமிழ்நாட்டில் ஆற்றில் விடப்படும் கழிவுநீரில் மொத்தக் கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. சாயப்பட்டறைக் கழிவுநீரில் இது 5,000 மில்லிகிராமிற்கும் மேற்பட்டிருப்பது வழக்கம். தொழில் உச்சத்தில் இருந்த 2000களில், திருப்பூர்ப் பட்டறைகளிலிருந்து நாளொன்றுக்கு 8 கோடி லிட்டருக்கு மேற்பட்ட கழிவுநீர் வெளியேறியது. லிட்டருக்கு 5 கிராம் எனக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு 400 டன் உப்பு நொய்யலில் கலந்ததாகின்றது.

நொய்யல் மட்டுமன்றி, திருப்பூர் நகருக்குள் ஓடும் நல்லாறு, ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம் ஆகியனவும் இக்கழிவுநீரை ஏந்திச் சென்றன. உள்ளூர் நிலத்தடி நீர் உவர்ப்பாகிச் சாயமிடுவதற்கே பயன்படாமற் போனது. எனவே பட்டறைகள் சுற்றுப்புறச் சிற்றூர்க் கிணறுகளிலிருந்து தாங்கி ஊர்திகளில் நீரை வாங்கின. இதனால் ஒரு பகுதியின் நன்னீர் எடுக்கப்பட்டு, மற்றொரு பகுதியில் கழிவுநீராக விடப்பட்டது.

உலோகத் தொழில்கள்

கோயம்புத்தூரில் மின்முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீர், நிக்கல், குரோமியம், துத்தநாகம் போன்ற உலோகங்களைக் கொண்டது. குடியிருப்புகளுக்கு இடையே சிறு அறைகளில் இயங்கிய பட்டறைகளின் கழிவு, தெருச் சாக்கடை வழியாகக் குளங்களை அடைந்தது. கன உலோகங்கள் நுண்ணுயிர்களால் சிதைக்கப்படுவதில்லை. குளத்தின் அடிச்சேற்றில் படிந்துவிடுகின்றன. வார்ப்பட ஆலைகளிலிருந்து புகையும், பயன்படுத்திக் கழித்த வார்ப்பட மணலும் வெளியேறுகின்றன.

நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 ஆம் ஆண்டில் இந்தியாவின் 88 தொழில் தொகுதிகளை மதிப்பிட்டு வெளியிட்ட பட்டியலில், கோயம்புத்தூர் 70 புள்ளிகளுக்கு மேல் பெற்று மிகவும் மோசமாக மாசடைந்த தொகுதிகளுள் ஒன்றாகவும், திருப்பூர் அதற்கு அடுத்த நிலையிலும் இடம்பெற்றன.

வீட்டு மாசு

கழிவுநீர்

பாதாளச் சாக்கடை உள்ள இந்திய நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்கவேண்டும் என்பது திட்டமிடலில் பின்பற்றப்படும் அளவு. இதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் எனக் கொள்ளப்படுகின்றது. இதன்படி 10 இலட்சம் மக்கள் வாழும் நகரிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 10.8 கோடி லிட்டர் கழிவுநீர் வெளியேறும். இது தொழில் உச்சத்தில் இருந்தபோது திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தும் வெளியேற்றிய நீருக்கு ஒப்பானது.

கோயம்புத்தூரில் உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் நிலையம் 2010களின் தொடக்கத்தில்தான் செயற்பாட்டிற்கு வந்தது. அதற்கு முன்பு நகரின் பெரும்பகுதிக் கழிவுநீர் குளங்களிலும் நொய்யலிலும் நேராகக் கலந்தது. பாதாளச் சாக்கடை இல்லாத பகுதிகளில் மலக்கசடு வீட்டின் கசிவுத் தொட்டியில் சேர்கின்றது. குளியல், சமையல், துணி துவைத்தல் ஆகியவற்றின் நீர் தெருச் சாக்கடையில் ஓடி, மழைநீர் வாய்க்கால் வழியாகக் குளத்தை அடைகின்றது. சவர்க்காரத்தூளிலும் மனிதக் கழிவிலும் உள்ள பாசுபரசு, நைதரசன் ஆகியன குளங்களில் ஆகாயத்தாமரை அடர்ந்து வளர்வதற்குக் காரணமாகின்றன.

இந்நிலை இப்படுகைக்கு மட்டும் உரியதன்று. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உருவானது. அதில் உண்மையில் தூய்மைப்படுத்தப்பட்டது 2,023 கோடி லிட்டர், அதாவது ஏறத்தாழ 28 விழுக்காடு மட்டுமே.

திண்மக் கழிவு

கோயம்புத்தூரின் குப்பை, நகரின் தென்கிழக்கில் உள்ள வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கில் கொட்டப்பட்டு வந்துள்ளது. பிரிக்கப்படாத குப்பையில் உள்ள உணவுக் கழிவு, காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வளியை உருவாக்குகின்றது. கோடைக் காலங்களில் இக்கிடங்கில் தீ பற்றிப் புகை பரவுவது பலமுறை நிகழ்ந்துள்ளது. 2024 ஏப்ரலிலும் இங்குப் பெருந்தீ ஏற்பட்டது. குப்பை வழியாக இறங்கும் மழைநீர், கரைந்த கழிவுகளை ஏந்தி நிலத்தடி நீரில் கலக்கின்றது. நகரத்தார் வீட்டு வாசலில் இருந்து அகன்ற குப்பை, நகரின் ஓரத்தில் வாழ்வோரின் காற்றாகவும் கிணற்று நீராகவும் திரும்புகின்றது.

இரு வகை மாசுகளின் ஒப்பீடு

வீட்டுக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவுநீரும் ஒரே ஓடையில் ஓடினாலும், அவற்றைக் கையாளும் முறைகள் வேறானவை.

* தன்மை: வீட்டுக் கழிவுநீரில் உள்ளவை பெரும்பாலும் கரிமப் பொருட்கள். நுண்ணுயிர்கள் அவற்றை உண்ணும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிசனைப் பயன்படுத்துவதால் மீன்கள் இறக்கின்றன. சாயக் கழிவுநீரில் உப்பும் எளிதில் சிதையாத வேதிப்பொருட்களும் மிகுதி.
* நோய்: வீட்டுக் கழிவுநீர் வாந்திபேதி, குடற்காய்ச்சல், மஞ்சட்காமாலை போன்ற தொற்றுநோய்களை உடனடியாகப் பரப்பக்கூடியது. தொழிற்சாலைக் கழிவின் தீங்கு மெதுவாகச் சேர்வது.
* மீட்சி: வீட்டுக் கழிவுநீர் கலப்பதை நிறுத்தினால் ஆறு சில ஆண்டுகளில் பெரும்பாலும் மீளும். நிலத்தடி நீரில் சேர்ந்த உப்பு, பல ஆண்டு மழைக்குப் பின்னரே குறையும். அடிச்சேற்றில் படிந்த உலோகம் அகற்றப்பட்டாலன்றிக் குறையாது.
* பொறுப்பு: தொழிற்சாலைக் கழிவிற்குப் பட்டறை உரிமையாளரைப் பொறுப்பாக்கலாம். வீட்டுக் கழிவிற்குப் பொறுப்பானது உள்ளாட்சி அமைப்பாகும். அதனை மூடிவிட இயலாது.

இறுதியாகக் கூறப்பட்ட வேறுபாடு சட்ட நடவடிக்கைகளில் வெளிப்பட்டது. சாயப்பட்டறைகள் நீதிமன்ற ஆணையால் மூடப்பட்டன. வீட்டுக் கழிவுநீரோ திட்டங்கள், நிதி ஒதுக்கீடுகள், கால நீட்டிப்புகள் ஆகியவற்றின் வழியாகவே கையாளப்பட்டு வருகின்றது.

ஒரத்துப்பாளையம் அணை

திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992 ஆம் ஆண்டில் ஓர் அணை கட்டிமுடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலங்களுக்குப் பாசன வசதி அளிப்பது இதன் நோக்கம். கரூர் மாவட்டத்தில் உள்ள ஆத்துப்பாளையம் நீர்த்தேக்கமும் இத்திட்டத்துடன் தொடர்புடையது. அணை கட்டப்பட்ட அதே காலத்தில் திருப்பூரின் சாயத்தொழில் உச்சத்தை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. இதனால் அணையில் மழைவெள்ளத்தைவிடச் சாயக் கழிவுநீரே தேங்கியது.

தேங்கிய நீர் அடியில் இறங்கிச் சுற்றியுள்ள கிணறுகளை உவர்ப்பாக்கியது. அணையைத் திறந்தபோது கீழ்ப்பகுதி நிலங்களும் கிணறுகளும் பாதிக்கப்பட்டன. உப்புநீர் பாய்ந்த நிலத்தில் சோடியம் மிகுந்து மண் இறுகுவதால், வேர்கள் நீரை உறிஞ்ச இயலாமற் போகின்றது. மஞ்சள், வாழை, நெல் போன்ற பயிர்களைக் கைவிட்டு, உவர்ப்பைத் தாங்கும் தென்னைக்கும் தீவனப் பயிர்களுக்கும் உழவர்கள் மாறினர். நிலத்தைத் தரிசாக விட்டவர்களும் உண்டு. கால்நடைகளுக்கும் வீட்டிற்கும் வேண்டிய நீரை வெளியிலிருந்து பெறவேண்டிய நிலை ஏற்பட்டது. யாருடைய பாசனத்திற்காக அணை கட்டப்பட்டதோ, அவ்வுழவர்களே அதன் நீரைப் பயன்படுத்த இயலாது என நீதிமன்றத்தை நாடினர்.

சட்ட நடவடிக்கைகள்

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974 இலும், காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981 இலும், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986 இலும் இயற்றப்பட்டன. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 இல் அமைக்கப்பட்டது. ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவிற்குள் மிகுந்த மாசு விளைவிக்கும் தொழில்களைத் தொடங்குவதற்குத் தமிழ்நாடு அரசு 1989 இல் தடை விதித்தது. திருப்பூரில் சாயப்பட்டறைகள் மிக விரைவாகப் பெருகியது இச்சட்டங்களும் தடையும் நடைமுறையில் இருந்த காலத்திலேயே என்பது குறிப்பிடத்தக்கது.

முதன்மையான நிகழ்வுகள் பின்வருமாறு:

* 1996: பாலாற்றுப் படுகைத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில், மாசு விளைவிப்பவரே இழப்பீடு தரவேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதியே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீட்டை மதிப்பிடச் சூழல் இழப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் கரூர் வட்டார நொய்யல் பாசன உழவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தனர்.
* 2000களில்: நொய்யல் படுகையில் 68 கிராமங்களைச் சேர்ந்த 28 ஆயிரத்துக்கு மேற்பட்ட உழவர்களுக்கு, ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டும் என அவ்வாணையம் மதிப்பிட்டது. இது சராசரியாக ஓர் உழவருக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவாகும்.
* 2006 டிசம்பர்: கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறையை 2007 சூலை இறுதிக்குள் அமைக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை தண்டம் விதித்தது.
* 2009 அக்டோபர்: பட்டறை உரிமையாளர்களின் மேல்முறையீட்டில், உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பினை உறுதி செய்து மூன்று மாதக் காலம் வழங்கியது.
* 2011 சனவரி 28: ஆணை நிறைவேற்றப்படாததால், திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுத் தூய்மிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

பட்டறைகள் மூடப்பட்டதால், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து பணிபுரிந்த தொழிலாளர்கள் உட்படப் பலர் வேலை இழந்தனர். தமிழ்நாடு அரசு பொதுத் தூய்மிப்பு நிலையங்களை மேம்படுத்துவதற்கு 2011 இல் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. தேவையான அமைப்புகளை நிறுவிய நிலையங்கள் படிப்படியாக மீண்டும் இயங்க ஒப்புதல் பெற்றன. திருப்பூரில் 18 பொதுத் தூய்மிப்பு நிலையங்கள் இம்முறையில் இயங்குகின்றன.

கழிவுநீர் வெளியேற்றமில்லா முறை

1990களின் இறுதியில் அமைக்கப்பட்ட முதல் தூய்மிப்பு நிலையங்கள், சுண்ணாம்பும் இரும்புச் சல்பேட்டும் சேர்த்துச் சாயத்தை வீழ்படிவாக்கின. இம்முறையில் நிறம் நீங்கியதே தவிர, கரைந்த உப்பு நீங்கவில்லை. நிறமற்ற உவர்நீர் ஆற்றில் தொடர்ந்து சென்றது.

பின்னர் வந்த வெளியேற்றமில்லா முறை பின்வரும் படிகளைக் கொண்டது:

1. நுண்ணுயிர்த் தூய்மிப்பு மூலம் கரிமப் பொருட்கள் சிதைக்கப்படுகின்றன.
2. வடிகட்டிய நீர், எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் மிகு அழுத்தத்தில் சவ்வுகள் வழியாகச் செலுத்தப்படுகின்றது. கிடைக்கும் நன்னீர் பட்டறைகளுக்கே திரும்ப வழங்கப்படுகின்றது.
3. எஞ்சும் அடர்ந்த உப்புநீர், ஆவியாக்கிகளில் கொதிக்க வைக்கப்படுகின்றது, அல்லது தூய்மைப்படுத்தப்பட்டுச் சாயமிடலுக்கான உப்புக் கரைசலாகவே மீண்டும் பயன்படுத்தப்படுகின்றது.
4. இறுதியில் படிகமாகும் உப்பு பிரிக்கப்படுகின்றது.

இம்முறையால் நீரின் பெரும்பகுதி மீட்கப்படுவதால், பட்டறைகள் வெளியிலிருந்து வாங்கும் நீர் வெகுவாகக் குறைந்தது. ஆனால் சவ்வுகளுக்கு மிகுந்த மின்சாரமும், ஆவியாக்கிகளுக்கு மிகுந்த வெப்பமும் தேவை. கொதிகலன்களில் விறகு எரிக்கப்படும்போது காற்றில் புகை சேர்கின்றது. சோடியம் குளோரைடும் சல்பேட்டும் கலந்த, மீண்டும் பயன்படுத்த இயலாத கலப்பு உப்பும் தூய்மிப்புக் கசடும் நிலையங்களில் சேர்கின்றன. கசடின் ஒரு பகுதி சீமெந்து ஆலைகளின் சூளைகளில் பயன்படுத்தப்படுகின்றது. நீரில் இருந்த மாசு முற்றிலும் மறையவில்லை. அதன் ஒரு பகுதி காற்று மாசாகவும் திண்மக் கழிவாகவும் உருமாறியுள்ளது. ஆயினும் ஆற்றில் கரைந்து பரவிய உப்பைவிட, ஓரிடத்தில் குவிந்துள்ள திண்ம உப்பைக் கண்காணிப்பது எளிது.

எஞ்சியுள்ள சிக்கல்கள்

மூடல் ஆணைக்குப் பின் சாயமிடலின் ஒரு பகுதி ஈரோடு, சேலம் உள்ளிட்ட பிற பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தது. ஒப்புதல் இன்றி இயங்கும் பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவ்வப்போது கண்டறிந்து மூடுகின்றது. கட்டுப்பாடு ஓர் ஊரில் மட்டும் கடுமையாகும்போது, மாசு அருகிலுள்ள ஊருக்கு நகர்வதை இது காட்டுகின்றது.

நீர் வழங்கலும் தொழிலும் பிணைந்திருந்ததும் ஒரு சிக்கலானது. காவிரி நீரைத் திருப்பூருக்குக் கொண்டுவரும் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள திட்டம், 2000களின் நடுவில் தனியார் பங்கேற்புடன் செயற்பாட்டிற்கு வந்தது. தொழிற்சாலைகளிடம் கூடுதல் விலை பெற்று, வீடுகளுக்குக் குறைந்த விலையில் நீர் வழங்குவது இதன் அடிப்படை. பட்டறைகள் மூடப்பட்டபோதும், பின்னர் அவை நீரை மறுசுழற்சி செய்தபோதும் தொழிற்சாலைகளின் தேவை குறைந்து, திட்டத்தின் வருவாய் பாதிக்கப்பட்டது.

சாயக் கழிவு குறைந்த பின், நொய்யலில் வீட்டுக் கழிவுநீரின் பங்கு வெளிப்படையாகத் தெரிகின்றது. நகர எல்லைகளில் புதிதாக இணைக்கப்பட்ட பகுதிகளில் பாதாளச் சாக்கடைப் பணிகள் குடியேற்றத்திற்குப் பின்தங்கியே நடைபெற்று வந்துள்ளன. கோயம்புத்தூர்க் குளக்கரைகளில் நடைபாதைகளும் பூங்காக்களும் அமைக்கப்பட்டுள்ளன. ஆயினும் குளத்திற்குள் வரும் கழிவுநீர் தடுக்கப்படாதவரை, கரையை அழகுபடுத்துவது நீரின் தரத்தை மாற்றாது.

இலண்டனுடன் ஒப்பீடு

தொழிற்புரட்சிக் காலத்து இலண்டனிலும் இதே வரிசையில் நிகழ்வுகள் நடந்தன. 1801 இல் ஏறத்தாழ 10 இலட்சமாக இருந்த இலண்டனின் மக்கள்தொகை, 1851 இல் 23 இலட்சத்தைத் தாண்டியது. நீரடிக் கழிப்பறைகள் பரவியபின் கழிவுநீர் நேரடியாகத் தேம்சு ஆற்றில் கலந்தது. அதே ஆற்றிலிருந்து குடிநீரும் எடுக்கப்பட்டது. வாந்திபேதி பலமுறை பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். 1858 கோடையில் ஆற்றின் முடைநாற்றம் நாடாளுமன்றத்தையே எட்டியபின், பொறியாளர் யோசப் பசல்கெட்டு வடிவமைத்த பெருஞ்சாக்கடைத் திட்டத்திற்கு விரைவில் ஒப்புதல் கிடைத்தது. எனினும் அத்திட்டம் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தாமல், நகருக்குக் கிழக்கே ஆற்றின் கீழ்ப்பகுதியில் கொண்டு சேர்த்தது. வீட்டுக் கணப்படுப்புகளிலும் ஆலைகளிலும் எரித்த நிலக்கரியின் புகை 1952 டிசம்பரில் ஐந்து நாட்கள் நகரை மூடி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபின், 1956 இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது.

இரு இடங்களிலும் மாசு முதலில் கீழ்ப்பகுதிக்கு நகர்த்தப்பட்டது, பின்னரே குறைக்கப்பட்டது. இலண்டனில் நாற்றம் ஆட்சியாளர்களின் இருப்பிடத்தை அடைந்ததால் தீர்வு விரைந்தது. நொய்யலில் பாதிக்கப்பட்டோர் நகருக்கு வெளியே, ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த உழவர்கள் ஆவர். 1996 இல் அவர்கள் தொடர்ந்த வழக்கிற்கும் 2011 இல் பட்டறைகள் மூடப்பட்டதற்கும் இடையே 15 ஆண்டுகள் கடந்தன.

இவற்றையும் பார்க்க

* நொய்யல் ஆறு
* திருப்பூர்
* கோயம்புத்தூர்
* ஒரத்துப்பாளையம் அணை
* நீர் மாசடைதல்
* நகரமயமாதல்
* எதிர்ச் சவ்வூடு பரவல்
* பாலாறு